அரிவாள் பிடியில் ஒரு குரோஷா ஊசி

போன வாரம் வினோதினி வாட்ஸ்அப்பில் ஐந்து குரோஷா ஊசிகளின் படத்தை அனுப்பியிருந்தார். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த லேஸ் கூடத்தில் இப்போது அவர்தான் மேற்பார்வையாளர். நாற்பதைத் தாண்டியவர், நிதானமானவர், எளிதில் கோபம் வராது. எனக்கு அந்தக் கொடுப்பினை இருந்ததில்லை. படம் வந்த கையோடு போனும் வந்தது.

"டீச்சர், நம்ம லேடீஸ்ல பாதிப் பேருக்குக் கட்டை விரல் வலி. கைக்கு இதமா இருக்குற ஊசின்னு இப்ப எத்தனையோ வந்திருக்கு. ரப்பர் பிடி போட்டது, மரப் பிடி போட்டது, பட்டையா ஒண்ணு, முட்டை மாதிரி குண்டா ஒண்ணு, முனையில லைட் எரியுறது ஒண்ணு. நீங்க பார்த்து ஒண்ண டிக் பண்ணிக் குடுங்க. நாப்பது பேருக்கும் அதையே ஆர்டர் போட்டுடறோம்."

"நாப்பது பேருக்கும் ஒண்ணேவா?"

"ஆமா டீச்சர். எல்லாரும் ஒரே ஊசிய ஒரே மாதிரி பிடிச்சாத்தானே லேஸ் ஒரே மாதிரி வரும்? நீங்க வெச்ச ரூல்தானே?"

நான் வைத்த ரூல்தான். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்று எந்த வேலையும் ஓடவில்லை. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். கை சும்மா கிடந்தாலும் வலிக்கிறது, மனசு சும்மா கிடந்தால் அதைவிட வலிக்கிறது. ஒரு டிக் போடுவதற்குப் பதில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேனே என்று வினோதினி சலித்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்களே தவிர, நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பா தையல் மெஷின் ரிப்பேர் செய்தவர். அம்மா நடவு நட்டவர். நாங்கள் லுத்தரன் சபை. நான் வேலைக்குச் சேர்ந்ததோ நீடாமங்கலம் பக்கம் கத்தோலிக்க கன்னியர்கள் நடத்திய லேஸ் கூடம். வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள். நூலுக்கு ஏது சபை என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சேர்ந்த முதல் ஆறு மாதம் வெறும் சங்கிலிப் பின்னல் போட்டேன், அவிழ்த்தேன், போட்டேன், அவிழ்த்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது மார்த்தா சிஸ்டரைப் பற்றி. கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. குள்ளமான உருவம், குரலே எழும்பாது. காலையில் வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மடியில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். நூல் உருண்டை தரையில் உருண்டு அழுக்காகாமல் இருக்க ஆளுக்கொரு எவர்சில்வர் சம்புடம். மூடியில் ஓட்டை போட்டு அதன் வழியாக நூலை எடுப்போம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாராவது வந்தால் சிஸ்டர் எதுவும் சொல்ல மாட்டார், குழாயடியைப் பார்ப்பார். அவ்வளவுதான், அவள் எழுந்து போய்விடுவாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பரிசோதனை. நாங்கள் போட்ட லேஸ் பட்டையைக் கருநீல அட்டையின் மேல் விரித்து வைப்போம். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போவார். விரல் எங்காவது நின்றால் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். தப்பு என்று சொல்லவே மாட்டார். நூல் முனையைப் பிடித்து இழுப்பார். மூன்று நாள் வேலை சர்ரென்று அவிழ்ந்து வரும். அதை அப்படியே உருண்டையாகச் சுற்றி எங்கள் மடியில் வைத்து, "நாளைக்கு" என்பார். நான் அந்த ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு எத்தனையோ நாள் அழுதபடி பஸ் ஏறியிருக்கிறேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருக்கும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. கோயில் பீடத்தில் விரிக்கும் துணிக்கு லேஸ் ஓரம் வைப்பது எங்கள் முக்கிய வேலை. ஒரு துணிக்கு எட்டுப் பேர் ஆளுக்கொரு பட்டை போடுவார்கள். எட்டையும் சேர்த்துத் தைத்து, பச்சரிசிக் கஞ்சி போட்டு, குண்டூசி குத்திக் காயவைப்போம். அதில் ஒருத்தி இறுக்கமாகப் போட்டிருந்தால் அந்த இடம் மட்டும் சுருங்கி இழுத்துக்கொள்ளும். எட்டுக் கையும் ஒரு கை போட்ட மாதிரி இருக்க வேண்டும்.

நான் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சிஸ்டருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. மேற்பார்வையை என்னிடம் கொடுத்தார். அவர் கூடத்தின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நாலு மணிப் பரிசோதனையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டரைவிட ஒரு படி கெடுபிடியாக இருந்தால்தான் மதிப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எல்லோரும் ஒரே நம்பர் கம்பி ஊசிதான் வைத்திருக்க வேண்டும், எல்லோரும் அதைப் பேனா மாதிரிதான் பிடிக்க வேண்டும் என்றேன். சிஸ்டர் அப்படித்தான் பிடிப்பார், நானும் அப்படித்தான் பிடிப்பேன். வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் இருபது கை ஒரே மாதிரி அசைவதைப் பார்த்து அசந்துபோவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை வந்து சேர்ந்தாள். குடவாசல் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும். காலங்காலமாக வயல் வேலை செய்த குடும்பம். அறுவடைக்கு மெஷின் வந்த பிறகு கருக்கரிவாளுக்கு வேலை போய்விட்டது, நடவும் களையும்தான் மிச்சம். இடைப்பட்ட மாதங்களில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று, அவர்கள் ஊர்க் கோயில் கூடத்தில் நடந்த பயிற்சியில் குரோஷா கற்றுக்கொண்டிருந்தாள். மாதிரிக்கு ஒரு சாண் லேஸ் கொண்டு வந்தாள். சிஸ்டர் கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு, தன் தகர டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். நல்ல மாதிரிகள் மட்டும் போகும் டப்பா அது. என்னுடையது உள்ளே போக நாலு வருடம் ஆனது.

அஞ்சலை உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் கையில் இருந்தது எங்கள் கம்பி ஊசி இல்லை. தேய்ந்துபோன கருக்கரிவாளின் மரப் பிடியை மட்டும் கழற்றி, கொஞ்சம் குட்டையாக நறுக்கி, அதன் துளையில் மெல்லிய கம்பி ஊசியைச் செருகி மெழுகு வைத்து இறுக்கியிருந்தாள். பத்துப் பன்னிரண்டு அறுவடை பார்த்த பிடி. பெருவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம், மற்ற விரல்கள் சுற்றும் இடத்தில் மூன்று பள்ளம். அதை உள்ளங்கையில் அடக்கி, அரிவாள் பிடிப்பது போலவே பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பார்வையாளர்கள் வருவதாக இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ன இது?"

"என் புடி டீச்சர். கம்பி ஊசி கைக்குள்ள நிக்க மாட்டேங்குது, நழுவுது. அதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி…"

"இது வயக்காடு இல்ல அஞ்சலை. அருவா புடிக்கிற கையோட இங்க வராத. குடு அத."

அவள் கொடுத்துவிட்டாள். கூடத்தில் இருந்த இருபது பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் அரிவாள் இருந்தது. என் அம்மாவும் சேற்றில் நின்றவர்தான். அதைத்தான் நான் மறைக்கப் பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அன்று நான் ஒழுங்கைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். பிடியைப் பீரோவின் இரண்டாம் தட்டில், ஆர்டர் தாள்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அவள் கையில் ஒரு கம்பி ஊசியைக் கொடுத்துப் பேனா மாதிரி பிடிக்கப் பழக்கினேன்.

இது நடந்தது ஆடியில். கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டிய பெரிய பீடத் துணி ஒன்று கையில் இருந்தது. அஞ்சலைக்கு நடுப் பட்டை. காலையில் நடவு முடித்துவிட்டு மதியம் கூடத்துக்கு வருவாள், சில நாள் முழு நாளும் இருப்பாள். மூன்று தடவை அந்தப் பிடியைக் கேட்டாள். முதல் தடவை, "டீச்சர், சும்மா ஒரு மணி நேரம் குடுங்களேன்" என்றாள். கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை, வெளியாட்கள் வராத நாளில் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் தலையாட்டவில்லை. மூன்றாம் தடவை வாயால் கேட்கவில்லை, கட்டை விரலைக் காட்டினாள். அடி மூட்டு வீங்கிச் சிவந்திருந்தது.

நான் தைலம் கொடுத்தேன். "பழகுற வரைக்கும் வலிக்கும். எல்லாருக்கும் வலிச்சதுதான்" என்றேன். அது பொய் இல்லை. எனக்கும் வலித்தது. வலித்தால்தான் வேலை என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் நடவு நடுகிறவளுக்குக் கட்டை விரல் என்றால் என்ன என்பதை அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாற்று முடியைப் பிரித்து, கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்த்துச் சேற்றில் ஊன்ற வேண்டும். நாளெல்லாம் ஊன்ற வேண்டும். அந்த விரல் போனால் லேஸும் இல்லை, வயலும் இல்லை. தெரிந்துதான் தைலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல், கூடம் அமைதியாக இருந்தது. டங்கென்று ஊசி தரையில் விழுந்த சத்தம். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை விழுந்ததும் சிஸ்டர் நாற்காலியிலிருந்து, "யாரது?" என்றார். கண் போன பிறகு அவருக்குக் காது கூர்மையாகிவிட்டிருந்தது.

அஞ்சலை எழுந்து போய் அவர் முன் நின்றாள். சிஸ்டர் அவளுடைய வலது கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, லேஸைத் தடவுவது போலவே தடவினார். விரல் கட்டை விரலின் அடியில் வந்து நின்றது. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது என்ன பிடிச்சுப் பழகின கை?"

"அருவா சிஸ்டர்."

"மாதிரி போட்டது எதை வெச்சு?"

"அருவாப் புடிய வெச்சு சிஸ்டர்."

"இப்ப எப்படிப் பிடிக்கிற?"

"பேனா மாதிரி."

"யார் சொன்னது?"

சிஸ்டர் நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கிரேஸ், பேனா மாதிரிதான் பிடிக்கணும்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் பிடித்தார், நாங்கள் பார்த்துப் பிடித்தோம். அவர் சொன்னதெல்லாம் கை கழுவு, துணி விரி, நாளைக்கு. அவ்வளவுதான். சட்டம் முழுக்க நான் போட்டது.

"அவ கொண்டு வந்ததை எடுத்துக் குடு" என்றார்.

பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது. நாலு எட்டு நடந்தால் பீரோ. கூடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதே கூடத்தில்தான் அரிவாள் பிடிக்கிற கையோடு வராதே என்று சொன்னேன். இப்போது திறந்து எடுத்துக் கொடுத்தால் சொன்னதெல்லாம் தப்பு என்று ஆகிவிடும். என் வாயிலிருந்து, "அது இங்க இல்ல சிஸ்டர். பீரோ சுத்தம் பண்றப்ப குப்பையோட போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று வந்தது.

சிஸ்டர் நீடாமங்கலத்தில் ஒரு தச்சரிடம் புதிதாக ஒரு மரப் பிடி செய்யச் சொன்னார். அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் பீரோவைத் திறந்து அந்தப் பிடியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாராவது தேடிக் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தச்சர் செய்த பிடி வந்தபோது அஞ்சலை இல்லை. தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து கட்டுப் போட்டு, மாதக் கணக்கில் அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது, நடவுக்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சம்பா நடவுக்கு அவள் போகவில்லை. கூடத்துக்கும் திரும்ப வரவில்லை.

அவள் போட்ட பட்டை நாலு மணி அட்டைக்கு வந்தது. சிஸ்டர் தடவிக்கொண்டே போனார். முதல் முழம் சீராக இருந்தது. போகப் போக இறுகி இறுகி, கடைசியில் நூல் கம்பி மாதிரி விறைத்திருந்தது. வழக்கம்போல் முனையைப் பிடித்து இழுப்பார் என்று நின்றேன். இழுக்கவில்லை.

"வலியோட போட்டிருக்கா" என்றார். "இப்படியே வெச்சுத் தை."

வைத்துத் தைத்தோம். எந்தக் கோயிலோ, அந்தப் பீடத் துணியின் நடுவில் ஓரிடம் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கும்.

இரண்டு தடவை அஞ்சலை ஊருக்குப் போகக் கிளம்பினேன். பையில் பிடி இருந்தது. நீடாமங்கலத்தில் இறங்கி, ரயில்வே கேட் திறப்பதற்குள் மனசு மாறி, திரும்பி வந்துவிட்டேன். கத்தோலிக்கருக்காவது பாவசங்கீர்த்தனக் கூண்டு இருக்கிறது, திரைக்குப் பின்னால் இருந்து சொல்லிவிடலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபையாகச் சேர்ந்து பொதுவில் சொல்வதோடு சரி. அந்தக் கும்பல் குரலுக்குள் இதை நான் எத்தனை வாரம் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. சில வருடம் கழித்து மார்த்தா சிஸ்டர் இறந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பரிகாரம் செய்வதாக நினைத்து, சென்னைக்குச் சொல்லி, இருபது பேருக்கும் தடித்த ரப்பர் பிடி போட்ட ஊசி வரவழைத்தேன். மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தேன்? என் கையில் வைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பத்துக் கண்ணி போட்டுப் பார்த்து, ஆஹா என்று தேர்ந்தெடுத்தேன். சித்திரை வெயில் வந்ததும் ரப்பர் வியர்வையில் பிசுபிசுத்தது, வெள்ளை நூலில் கறுப்பு ஏறியது. சின்னக் கைக்காரிகளுக்குப் பிடி உள்ளங்கையில் அடங்கவில்லை, கூடுதலாக அழுத்திப் பிடித்து முழங்கை வரை வலித்தது. என்னிடம் சொல்லப் பயந்து ஆளாளுக்கு பிளேடால் ரப்பரைச் சீவியிருந்தார்கள். ஒரு நாள் தரை பெருக்கும்போது ரப்பர் சீவலைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் ஊசியைக் கையில் கொடுப்பதில்லை. ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்து ஆயச் சொல்வேன், ஒரு கை பூண்டு உரிக்கச் சொல்வேன், விளக்குமாற்றைக் கொடுத்து மூலையைப் பெருக்கச் சொல்வேன். என்ன இந்தம்மா வீட்டு வேலை வாங்குகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பேனா மாதிரி நுனி விரலில் பிடிக்கிறவள் யார், உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்கிறவள் யார், மணிக்கட்டை மடக்குகிறவள் யார் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் பிடி. ஆனால் பழைய ஆட்கள் பேனாப் பிடியை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. என் ரூல் என் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது. வினோதினி கேட்டபோதுதான் அது இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது.

வினோதினி, அந்த ஐந்து படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். முனையில் விளக்கு எரியும் ஊசி வேண்டாம். கூடத்துக்கு வேண்டியது நல்ல ஜன்னல். முனை வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்க, பழைய நைலான் புடவையின் மேல் இழுத்துப் பாருங்கள், இழை பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நுனி விரலில் பிடிக்கிறவளுக்கு மெல்லிய, எடையில்லாத பிடி போதும். அடக்கிப் பிடிக்கிறவளுக்குப் பிடி உள்ளங்கையைத் தாண்டி ஒரு விரல் அகலம் நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வால் உள்ளங்கையின் நடுவில் குத்தும். பெருவிரலுக்குப் பள்ளம் வைத்த ஊசி வாங்கினால் அந்தப் பள்ளம் அவள் விரல் தானாக விழும் இடத்தில் இருக்க வேண்டும். விரல் போய்ப் பள்ளத்தைத் தேடக் கூடாது. முக்கியமாக, பத்துக் கண்ணி போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த ஊசியும் முதல் பத்து நிமிஷம் சுகமாகத்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் போட்ட பிறகு கட்டை விரலின் அடியை அழுத்திப் பாருங்கள். அப்போது கை சொல்லும்.

வினோதினியின் போன் வந்த இரண்டாம் நாள், அந்தப் பிடியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வருடத்துக்கு ஒரு தடவை மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். பஸ் ஏறினேன். இந்தத் தடவை ரயில்வே கேட் திறந்தே இருந்தது.

அஞ்சலை வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். சிமெண்ட் வீடு கட்டியிருந்தார்கள். மகன் நர்சிங் படித்துவிட்டுத் திருச்சியில் வேலையில் இருக்கிறானாம். அவள் வாசலில் இரண்டு ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"வாங்க டீச்சர்! என்ன இம்புட்டு தூரம்? உள்ள வாங்க."

உட்கார்ந்தேன். பிடியைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது குப்பையில போகல அஞ்சலை. நான்தான் வெச்சிருந்தேன். சிஸ்டர்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் பிடியைப் பார்த்தாள். ஊசியின் முனையை விரலால் தொட்டாள்.

"துருவே புடிக்கலியே" என்றாள். பிறகு சாதாரணமாக, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் குழாயடியில கை வலிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன். நீங்க பீரோவத் தொறந்து எடுத்துப் பைல போட்டத ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் சிஸ்டர்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும்ல? உங்களுக்கு அது ஒண்ணுதானே பொழப்பு. எனக்குத்தான் நடவு இருக்கேன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அந்தப் பிடியை வலது கையில் எடுத்தாள். மூன்று விரல் மூன்று பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கட்டை விரல் மட்டும் வரவில்லை. பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அவள் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிடியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, "இருங்க, காப்பி போடுறேன்" என்று உள்ளே போனாள்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அடுப்படிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

வினோதினி, நான் எந்தப் படத்துக்கும் டிக் போடவில்லை. நாற்பது பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கையைப் பாருங்கள். யாராவது வீட்டிலிருந்து எதையாவது கொண்டு வந்தால் வாங்கிப் பூட்டாதீர்கள். இவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது.

அஞ்சலை ஆவி பறக்கும் டம்ளரை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்து நின்று, கூச்சத்தோடு தலையைச் சாய்த்து, "இடது கையால குடுக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். வலது கையில நிக்காது" என்றாள்.

நான் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.